சத்தியம் செய்ய மறுத்த சத்தியவான்கள்

பொய் சொல்லிச் சிறை புகுந்தவர்களை எந்நாட்டு வரலாற்றிலும் காணலாம். பொய்க்கு அஞ்சிச் சிறை புகுந்தவர்களைக் காண்பது அரிது. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த குவேக்கர் என்னும் கிறிஸ்தவ சமயத்தார் அத்தகையோர் ஆவர்.

இவர்களை ஒன்றுகூட்டியவர் ஜார்ஜ் பாக்ஸ் (1624-1691). நெசவாளி ஒருவரின் மகன். இளமையில் செருப்புத் தைக்கும் தொழில் பயின்றவர். ஒவ்வொரு மனிதன் உள்ளத்திலும் இறைவனின் ஒளி உண்டு என்றும், அவ்வொளிக்கு மறைவாக எதையும் சொல்லவோ செய்யவோ கூடாது என்றும் அவர் போதித்தார். அவரைப் பின்பற்றியோர் தம்மை நண்பர்கள் என்று அழைத்துக் கொண்டனர். குவேக்கர், அதாவது நடுங்குவோர், என்பது பிறர் ஏளனமாக இட்ட பெயர்.

எச்சத்தியமும் செய்ய வேண்டாம் என்று இயேசு பெருமான் மலைப்பிரசங்கத்தில் கூறியதை இவர்கள் அப்படியே ஏற்றனர். வேதநூலைத் தொட்டுச் சொல்வது மட்டும் உண்மையானால், தொடாமல் சொல்வது என்ன? மனிதனுக்கு இரண்டு நாவுகள் உண்டென்று ஒப்புக்கொள்வதே சத்தியப் பிரமாணம் என அவர்கள் கருதினர்.

இக்கொள்கை கடைத்தெருவுக்கும் வந்தது. விற்பவன் ஏற்றிச் சொல்வதும் வாங்குபவன் இறக்கிக் கேட்பதும் அக்கால வாணிப வழக்கம். கொடுக்க எண்ணாத விலையைச் சொல்வது பொய் என்று கருதிய குவேக்க வணிகர், ஒரே விலை சொல்லி நிறுத்திக் கொண்டனர். முதலில் மக்கள் அவர்கள் கடைகளை ஒதுக்கினர். பின்னர், குழந்தையை அனுப்பினாலும் ஏமாற்றமாட்டார்கள் என்று கண்டு அங்கேயே திரண்டனர் எனப் பாக்ஸ் எழுதியுள்ளார்.

நீதிமன்றத்தில் அத்தகைய நற்பலன் கிட்டவில்லை. 1660இல் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறியபின், அரசருக்கு விசுவாசமாய் இருப்பதாகச் சத்தியம் செய்யும்படி குடிகளைக் கேட்பது நீதிபதிகளுக்கு எளிய கருவியாயிற்று. ஒரு குவேக்கர் மீது சாட்டிய குற்றம் மெய்ப்படாவிட்டாலும் கவலையில்லை. சத்தியம் செய் என்றால் போதும், அவர் மறுப்பார். மறுத்தால் சொத்துப் பறிமுதல், வாழ்நாள் சிறை. அரசருக்கு உண்மையில் துரோகம் நினைப்பவனோ கூசாமல் சத்தியம் செய்துவிட்டு வீடு திரும்பலாம். துரோகியைப் பிடிக்க விரித்த வலையில் வாய்மையாளரே சிக்கினர்.

காலஞ்சென்ற நீதிபதி தாமஸ் பெல்லின் மனைவி மார்கரெட் பெல் அம்மையார் 1664இல் லங்காஸ்டரில் இவ்வாறு சிக்கினார். வீட்டில் வழிபாட்டுக் கூட்டம் நடத்துவதில்லை என்று வாக்களித்தால் சத்தியம் கேட்கமாட்டோம் என்றனர். அம்மையார் இரண்டுக்கும் இணங்கவில்லை. ஆயுள் தண்டனை பெற்று 1668 வரை சிறையில் இருந்தார்.

அவர்கள் வழிபாடும் ஒளிவு மறைவற்றது. அரசாங்கத் திருச்சபைக்குப் புறம்பான கூட்டங்களை 1664ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தபோது, வேறு பல பிரிவினர் இரகசியமாகக் கூடினர். குவேக்கர்களோ வழக்கமான இடத்தில், வழக்கமான நேரத்தில், யாவரும் காணக் கூடினர். 1670இல் இலண்டனில் அவர்கள் மண்டபத்தைப் படைவீரர் அடைத்துவிடவே, வில்லியம் பென் தெருவில் நின்று பேசிக் கைதானார். அவரைக் குற்றவாளி என்று கூற மறுத்த ஜூரிகளை உணவும் நீருமின்றி அடைத்து வைத்தனர், அபராதமும் விதித்தனர். தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டித்தல் ஆகாது என்னும் விதி இவ்வழக்கின் தொடர்ச்சியாகவே நிலைபெற்றது. 1682இல் பிரிஸ்டல் நகரில் பெரியோர் சிறைப்பட்டிருக்க, சிறுவர் சிறுமியர் தாமே கூடி வழிபாட்டை நடத்தினர். அடித்தும் அவர்கள் கலையவில்லை.

சிறையில் மாண்டோர் நூற்றுக்கணக்கானோர். 1689இல் வழிபாட்டுரிமை கிடைத்தது. 1696இல் சத்தியத்துக்குப் பதிலாக உறுதிமொழி கூறப் பாராளுமன்றம் இடமளித்தது. ஆனால் அவ்வாசகத்தில் கடவுளின் முன்னிலை குறிக்கப்பட்டிருந்தமையால், இதுவும் சத்தியமே என்று சிலர் மறுத்தனர். அவர்களுள்ளேயே பிணக்கு நீடித்து, 1722இல் எளிய வாசகம் வந்தபின்னரே தணிந்தது. குற்ற வழக்குகளில் அவர்கள் உறுதிமொழி 1828 வரை செல்லவில்லை. வீட்டில் திருடியவனைக் கண்ணாரக் கண்ட குவேக்கரும் சாட்சி சொல்ல இயலாதிருந்தார்! 1833இல் ஜோசப் பீஸ் உறுதிமொழி கூறியே பாராளுமன்றத்தில் அமர்ந்தார். 1888ஆம் ஆண்டுச் சட்டம், சமய நம்பிக்கை இல்லாதோர்க்கும் அவ்வுரிமையை வழங்கியது.

நண்பர்கள் அரசை எதிர்த்து வாளெடுக்கவில்லை. ஓடி ஒளியவும் இல்லை. நீதிமன்றத்துக்கு ஒரு சொல், கடைக்கு ஒரு சொல் என்று வைத்துக்கொள்ள மறுத்தார்கள், அவ்வளவே. அந்த ஒரு சொல்லை நம்பலாம் என்று ஒப்புக்கொள்ளச் சட்டத்துக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.