சாளரங்களிடைச் செய்தி ஏற்றல்

சாளரங்களிடைச் செய்தி ஏற்றல் என்பது, உலாவியின் ஒரு சாளரமோ அதனுள் பதிந்த ஐஃபிரேமோ 'போஸ்ட்மெசேஜ்' என்னும் செயற்கூறின் வாயிலாக விடுக்கும் தரவை, மற்றொரு சாளரத்தின் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் 'மெசேஜ்' என்னும் நிகழ்வாகப் பெற்றுக்கொள்ளும் முறையாகும். அந்நியத் தளங்களின் பக்கங்கள் ஒன்றன் உள்ளடக்கத்தை மற்றொன்று தீண்டலாகாது என்று நெட்ஸ்கேப் காலந்தொட்டு நிலவிவரும் ஒரே-மூல நியமத்தைப் பங்கப்படுத்தாமலே, இரு பக்கங்களும் இசைந்து சம்பாஷிப்பதற்கு இது வழிவகுக்கிறது.

ஏற்கும் சாளரம், செய்தியை எதிர்நோக்கும் செயற்கூறு ஒன்றை முன்னதாகப் பதிவு செய்திருத்தல் வேண்டும். வந்தெய்தும் நிகழ்வு, தரவையும், அனுப்பிய பக்கத்தின் மூலத்தையும், அனுப்பிய சாளரத்தின் சுட்டையும் தாங்கி வரும். இவற்றுள் மூலத்தைப் பரிசோதித்தலே பிரதானம். ஏனெனில், சாளரத்தின் சுட்டைப் பெற்ற எத்தளமும் அதற்குச் செய்தி விடுக்கக்கூடுமாதலால், நம்பத்தக்க மூலத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடாமல் அதன் ஒரு பகுதி மட்டும் காணப்படுகிறதா என நோக்கி அமையும் நிரல், வஞ்சகத் தளத்தின் தரவையும் மெய்யென்றே ஏற்றுவிடும். இப்பரிசோதனையைப் புறக்கணித்தல் பெரும்பிழை.

மொசில்லா நிறுவனம், 2008 ஜூனில் வெளியான ஃபயர்ஃபாக்ஸ் 3 உலாவியில் இவ்வசதியைச் சேர்த்தது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2015 மே மாதத்தில் இதனைப் பரிந்துரைத் தரமாக அங்கீகரித்தது.