.44 மேக்னம் ரிவால்வர்: வேட்டைக்கும் குறிசுடுதலுக்கும்

.44 மேக்னம் என்பது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், ரெமிங்டன் ஆகிய இரு அமெரிக்க நிறுவனங்கள் சேர்ந்து 1955-இல் உருவாக்கிய ரிவால்வர் தோட்டா. அதைச் சுடும் ரிவால்வரையும் அதே பெயரால் அழைப்பது வழக்கம். குண்டின் உண்மையான விட்டம் 0.429 அங்குலம், அதாவது ஏறத்தாழ 10.9 மில்லிமீட்டர். கைத்துப்பாக்கியால் மான், காட்டுப்பன்றி, கருங்கரடி வேட்டையாடும் பழக்கம் அமெரிக்காவில் பரவியதற்கும், 200 மீட்டர் தூரத்து இரும்பு உருவங்களைக் கைத்துப்பாக்கியால் சாய்க்கும் போட்டி வேரூன்றியதற்கும் இந்தத் தோட்டாவின் பங்கு பெரிது. இதைவிட ஆற்றல் மிக்க தோட்டாக்கள் பின்னர் பல வந்துவிட்டன. ஆனாலும் பெருவிட்ட ரிவால்வர் வாங்குவோரில் பெரும்பாலோருக்கு இதற்கு மேல் தேவைப்படுவதில்லை.

தோற்றம்

இந்தத் தோட்டாவின் பின்னால் எல்மர் கீத் (1899–1984) என்ற மனிதரின் முப்பதாண்டுப் பிடிவாதம் இருக்கிறது. ஐடஹோ மாநிலத்தில் கால்நடைப் பண்ணையும் வேட்டை வழிகாட்டித் தொழிலும் செய்துகொண்டே துப்பாக்கி இதழ்களில் எழுதிவந்தவர் அவர். 1920-களில் .45 கோல்ட் ரிவால்வரில் அளவுக்கு மீறி மருந்து செறித்துச் சுட்டபோது தோட்டாக்கள் இருக்கும் உருளை வெடித்துப் பிளந்தது. அதே பருமனுள்ள உருளையில் .44 தோட்டாவுக்கான அறை சற்றுச் சிறியது. அறைக்கும் அறைக்கும் நடுவே எஃகுச் சுவர் தடிமனாக நிற்கும். எனவே 1907-இல் வந்திருந்த .44 ஸ்பெஷல் தோட்டாவுக்கு மாறினார். தட்டை முனையும் கூர்ந்த தோளும் கொண்ட 250 கிரெய்ன் (16 கிராம்) ஈயக் குண்டைத் தாமே வடிவமைத்து, வினாடிக்கு 1,200 அடி வேகத்தில் சுட்டார். அதே வேகத்தைக் கடைத் தோட்டாவாகச் செய்து தரும்படி நிறுவனங்களை விடாமல் வற்புறுத்தினார்.

நிறுவனங்கள் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. அத்தனை அழுத்தமுள்ள தோட்டாவைப் பழைய .44 ஸ்பெஷல் ரிவால்வரில் யாராவது போட்டுவிட்டால் துப்பாக்கி கையிலேயே வெடித்துவிடும். இறுதியில் தோட்டாக்கூட்டை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீட்டி அதைச் சமாளித்தார்கள். புதிய தோட்டா பழைய அறைக்குள் முழுவதும் நுழையாது. ஆனால் பழைய ஸ்பெஷல் தோட்டா புதிய ரிவால்வரில் தாராளமாகப் பொருந்தும். பாதுகாப்புக்காகச் செய்த இந்த ஏற்பாடுதான் இன்றுவரை .44 மேக்னத்தின் மிகப் பெரிய வசதி: சனிக்கிழமைப் பயிற்சிக்கு மென்மையான தோட்டா, பருவம் வந்ததும் வேட்டைக்கு வன்மையான தோட்டா, இரண்டும் ஒரே துப்பாக்கியில்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் முதல் ரிவால்வர் 1955 டிசம்பரில் உருவானது. 1957-இல் அந்த நிறுவனத்தின் துப்பாக்கிகளுக்கு எண்முறை வந்தபோது அது மாடல் 29 ஆயிற்று. ரூகர் நிறுவனம் 1956-லேயே தன் பிளாக்ஹாக்கை இதே தோட்டாவுக்குக் கொண்டுவந்துவிட்டது. பழைய இரும்புக் குவியலில் கிடைத்த வெற்றுக்கூடு ஒன்றைப் பார்த்தே ரூகருக்கு விஷயம் தெரிந்தது என்று சொல்லப்படுவதுண்டு. 1959-இல் இன்னும் கனமான சூப்பர் பிளாக்ஹாக் வந்தது. 1971-இல் ‘டர்ட்டி ஹாரி’ திரைப்படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் கையில் மாடல் 29-ஐப் பார்த்த பிறகு, துப்பாக்கி சுட்டே பழகாதவர்களும் அதைத் தேடி அலைந்தார்கள். வேட்டைக்கோ போட்டிக்கோ ரிவால்வர் தேர்ந்தெடுப்பவர் அந்தப் படத்தை மறந்துவிடுவது நல்லது.

எவ்வளவு ஆற்றல் வேண்டும்

கடையில் கிடைக்கும் வழக்கமான .44 மேக்னம் தோட்டாவில் 240 கிரெய்ன், அதாவது 15.6 கிராம் குண்டு இருக்கும். குழலின் நீளத்தையும் தயாரிப்பையும் பொறுத்து வினாடிக்கு 365 முதல் 410 மீட்டர் வேகத்தில் அது வெளியேறும். ஆற்றல் ஏறத்தாழ 1,040 முதல் 1,310 ஜூல். அமெரிக்க மான் வேட்டையில் சர்வசாதாரணமான .30-06 ரைபிளின் ஆற்றலில் இது மூன்றில் ஒரு பங்குதான். வேட்டைக்கு ரிவால்வர் எடுப்பவர் முதலில் மனத்தில் பதிக்க வேண்டியது இந்தக் கணக்கு. ரைபிள் குண்டின் வேகம் சுற்றியுள்ள திசுக்களையும் சிதைத்துவிடுகிறது. ரிவால்வர் குண்டோ, தான் துளைத்துச் செல்லும் வழியில் உள்ளதை மட்டுமே அழிக்கிறது. இதயமோ நுரையீரலோ அந்த வழியில் இல்லையென்றால், காயம்பட்ட விலங்கு காட்டுக்குள் ஓடி மணிக்கணக்கில் துடித்துச் சாகும். அதற்குப் பெரிய காலிபர் மாற்றாகாது.

வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் உள்ள பகுதி 20 முதல் 25 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். சாப்பாட்டுக் காகிதத் தட்டின் அளவும் அதுதான். ஆகவே அனுபவசாலிகள் தட்டையே அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். மேசையில் சாய்ந்துகொண்டு சுடக்கூடாது. காட்டில் எப்படி நிற்போமோ, மண்டியிடுவோமோ அப்படியே இருந்து, முதல் குண்டு முதல் எல்லாக் குண்டுகளும் தட்டுக்குள் விழும் தூரம் எதுவோ அதுவே அவருடைய வேட்டைத் தூரம். சாதாரணக் குறிகளோடு நல்ல பயிற்சியுள்ள பலருக்கு அது 50 கஜத்தை ஒட்டி நிற்கும். தொலைநோக்கி பொருத்தினால் 100 கஜம்வரை நீளலாம். வேறொருவர் காயப்படுத்திய மானை 600 கஜ தூரத்தில் மாடல் 29-ஆல் சுட்டதாக கீத் தம் தன்வரலாற்றில் எழுதியது பல தலைமுறைகளாக வாதத்துக்குரியதாக இருந்துவருகிறது. அதை நம்புவோரும் அதைப் பின்பற்றத் தேவையில்லை.

பின்னுதையும் எடையும்

தட்டுச் சோதனையில் பலர் தோற்பது துப்பாக்கியின் துல்லியக் குறைவால் அல்ல. வெடிக்கும் முன்பே கை பயந்துவிடுகிறது. விசையை அழுத்தும் அதே கணத்தில் மணிக்கட்டு குழலைக் கீழே தள்ளும், கண் இமைக்கும். குண்டு தாழ்வாகப் போய் விழும். சுடுபவருக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் வெடிப்பின் அதிர்ச்சி அந்த அசைவை மறைத்துவிடும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நண்பர் ஒருவர் உருளையில் நல்ல தோட்டாக்களுக்கு இடையே சுட்டு முடித்த வெற்றுக்கூடுகளைக் கலந்து போட்டுக் கொடுக்க வேண்டும். சுத்தியல் வெற்றுக்கூட்டில் விழும்போது வெடிப்பு இல்லை, ஆனால் குழல் நுனி மட்டும் கீழே குதிக்கும். அதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர் ஆற்றலைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு, எடையையும் கைப்பிடியையும் பற்றிக் கேட்கத் தொடங்குவார்.

ஒரே தோட்டாவைச் சுடும்போது துப்பாக்கியின் எடை பாதியானால் பின்னுதையின் ஆற்றல் இரட்டிப்பாகும். ஏழரை அங்குலக் குழல் கொண்ட சூப்பர் பிளாக்ஹாக் ஏறத்தாழ 1.36 கிலோ. ஸ்காண்டியம் கலந்த உலோகத்தில் செய்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 329 வெறும் 710 கிராம் அளவுக்குத்தான் இருக்கும். இடுப்பில் நாள் முழுவதும் தொங்கவிட 329 சுகமானது. கரடி உள்ள காட்டில் மீன் பிடிக்கப் போகிறவர் அதைக் கட்டிக்கொள்வதில் பொருள் உண்டு. வேட்டைக்கும் குறிசுடுதலுக்கும் அது ஏற்றதல்ல. முழு ஆற்றல் தோட்டாவை அதில் சுட்டுப் பழகுகிறவர் கற்றுக்கொள்வது பயத்தைத்தான். 1.3 முதல் 1.5 கிலோ வரையுள்ள துப்பாக்கியே இந்த இரு வேலைகளுக்கும் உகந்தது.

அமைப்பு

சிங்கிள் ஆக்‌ஷன் வகையில் ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கட்டைவிரலால் இழுக்க வேண்டும். அதன் வளைந்த பழங்காலக் கைப்பிடி பின்னுதையின்போது உள்ளங்கையில் உருண்டு மேலெழும். அதிர்ச்சியின் ஒரு பகுதி அந்த உருளலிலேயே கரைந்துவிடும். பழைய சூப்பர் பிளாக்ஹாக்கின் விசைக்காப்பு பின்பக்கம் சதுரமாக இருந்ததால் நடுவிரல் முட்டியில் வந்து இடிக்கும். அதை அனுபவித்த பலர், பின்னால் வந்த பிஸ்லி வகைக் கைப்பிடிக்கு மாறினார்கள். விசையை அழுத்தினாலே சுத்தியல் எழுந்து விழும் டபுள் ஆக்‌ஷன் துப்பாக்கியின் கைப்பிடி கையில் உருளாது; உதை நேராக உள்ளங்கைக்குள் வரும். ஆனால் அகலமான ரப்பர் பிடி போட்டால் தாங்கலாம், வெற்றுக்கூடுகளையும் ஒரே தள்ளில் வெளியேற்றலாம். வேட்டையிலும் இரும்பு உருவப் போட்டியிலும் சுத்தியலை இழுத்து வைத்தே சுடுவதால் இரண்டுக்கும் துல்லியத்தில் பெரிய வேறுபாடில்லை. குறைந்த விலையில் உறுதியானது வேண்டுமென்றால் சிங்கிள் ஆக்‌ஷனே முன்னால் நிற்கிறது.

தொலைநோக்கி பொருத்த நினைப்பவருக்கு 1987-இல் வந்த ரூகர் சூப்பர் ரெட்ஹாக் வசதியானது. அதன் சட்டத்திலேயே வளையங்கள் உட்காரும் பள்ளங்கள் வெட்டப்பட்டுள்ளன. கைத்துப்பாக்கித் தொலைநோக்கியைக் கை நீட்டிய தூரத்திலிருந்து பார்க்க முடிய வேண்டும். ரைபிளுக்கான தொலைநோக்கி இதற்கு உதவாது.

குழல் நீளத்தில் சட்டமும் குறுக்கிடுகிறது. கைத்துப்பாக்கியால் மான் வேட்டையாட ஒஹாயோ மாநிலம் குறைந்தது 5 அங்குலக் குழல் கேட்கிறது. கொலராடோவில் 4 அங்குலம் போதும், ஆனால் 50 கஜ தூரத்தில் குண்டுக்கு 550 அடி-பவுண்டு ஆற்றல் மிச்சமிருக்க வேண்டும். நான்கு அங்குல .44 ஓரிடத்தில் செல்லும், மற்றோரிடத்தில் செல்லாது. ஆறு முதல் ஏழரை அங்குலம் எடுத்தால் இந்தக் கவலை இல்லை. முன் குறிக்கும் பின் குறிக்கும் உள்ள தூரம் கூடுவதால் குறிபார்ப்பும் எளிதாகும்.

இரும்பு உருவங்கள்

இரும்பு உருவங்களைச் சாய்க்கும் போட்டி மெக்சிகோவில் ரைபிள் விளையாட்டாகத் தொடங்கி, எல்லைக்கு வடக்கே கைத்துப்பாக்கிக்கும் பரவியது. 1976-இல் இதற்கெனப் பன்னாட்டுச் சங்கம் அமைந்தது. 50 மீட்டரில் கோழி, 100-இல் பன்றி, 150-இல் வான்கோழி, 200-இல் செம்மறிக்கடா என எஃகு உருவங்களை நிறுத்துவார்கள். குண்டு பட்டால் போதாது, உருவம் சாய வேண்டும். கனமான கடாவை 200 மீட்டரில் சாய்ப்பதற்கு வேகத்தைவிடக் குண்டின் எடை உதவும் என்பதைப் போட்டியாளர்கள் விரைவில் கண்டுகொண்டார்கள். இதற்காகவே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 10⅝ அங்குலக் குழலும், நான்கு தூரங்களுக்கு நான்கு நிலையில் மாற்றும் முன் குறியும் கொண்ட மாடல் 29-ஐ வெளியிட்டது.

பலர் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, குழலைக் காலின் பக்கவாட்டில் சாய்த்துச் சுடுவார்கள். உருளைக்கும் குழலுக்கும் இடையே மயிரிழை இடைவெளி உண்டு. அதன் வழியே பக்கவாட்டில் பீறிடும் நெருப்பும் ஈயத்துகளும் காற்சட்டையைக் கிழித்துத் தோலைப் பொசுக்கும். எனவே காலில் தடித்த தோல் பட்டை கட்டிக்கொள்வது வழக்கம். அந்த இடைவெளிக்கு அருகே விரலை வைப்பது எந்த ரிவால்வரிலும் ஆபத்து. சத்தமும் 160 டெசிபெலைத் தாண்டும். காதடைப்பான் இல்லாமல் ஒரு முறைகூடச் சுடக்கூடாது.

தோட்டா

மானுக்கு 240 கிரெய்ன் விரியும் குண்டு போதும். தடித்த தோலும் எலும்பும் உள்ள பெரிய பன்றிக்கும் கரடிக்கும் 300 கிரெய்ன் அளவில் தட்டை முனையுள்ள கெட்டி ஈயக் குண்டு ஆழமாகப் போகும். கனமான குண்டுகளில் ஒரு சிக்கல் உண்டு: ஒவ்வொரு வெடிப்பிலும் துப்பாக்கி பின்னால் துள்ளும்போது, சுடப்படாத தோட்டாக்களில் உள்ள குண்டு கூட்டிலிருந்து மெல்ல முன்னால் நழுவும். நழுவிய முனை உருளைக்கு வெளியே நீண்டால் உருளை சுற்றாமல் அடைத்துக்கொள்ளும். புதிய தயாரிப்பை வாங்கினால், ஐந்து சுட்டு ஆறாவதை அளந்து பார்த்துவிட வேண்டும். ஸ்பெஷல் தோட்டா நிறையச் சுட்டால் அறைக்குள் கரி வளையம் படியும். அதைத் துலக்காமல் நீண்ட மேக்னம் தோட்டாவைத் திணிக்கக் கூடாது.

மற்ற காலிபர்கள்

1935-இன் .357 மேக்னம் மானுக்கு அருகிலிருந்து சுடப் போதுமானது, தோட்டாவும் மலிவு. 1964-இன் .41 மேக்னம் நல்ல தோட்டாவாயினும் கடைகளில் கிடைப்பது அரிது. .454 கசல் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 65,000 பவுண்டு; .44-க்கு அது 36,000. வயோமிங்கின் ஃப்ரீடம் ஆர்ம்ஸ் 1983 முதல் அதற்காகச் செய்துவரும் ரிவால்வர்கள் துல்லியத்துக்குப் பேர்போனவை. 2003-இல் வந்த .500 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நீளக் குழலுடன் 2 கிலோவைத் தாண்டும், ஐந்தே தோட்டா கொள்ளும், 3,500 ஜூல் அளவுக்கு எட்டும். பயிற்சிக்கு அதை வேண்டிய அளவு சுடக்கூடியவர்கள் மிகச் சிலரே.

கைத்துப்பாக்கி வேட்டை பெரும்பாலும் அமெரிக்காவுக்கே உரியது. பிரிட்டனில் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், குறைந்தது 30 சென்டிமீட்டர் குழலும் மொத்தம் 60 சென்டிமீட்டர் நீளமும் உள்ள .44 மேக்னம் ரிவால்வர்கள் மட்டுமே உரிமத்தோடு குறிசுடக் கிடைக்கின்றன. இந்தியாவில் 1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையே தடை செய்கிறது.

பயன்படுத்திய துப்பாக்கி

சந்தையில் பழைய .44-கள் ஏராளம்; குறைவாகச் சுடப்பட்டவையும் அதிகம். சுத்தியலை மெதுவாக இழுத்து, அது முழுதாக நிற்கும் முன் உருளை பூட்டிக்கொள்கிறதா என்று ஆறு அறைகளுக்கும் பார்க்க வேண்டும். உருளையை முன்னும் பின்னும் அசைத்தால் ஆட்டம் தெரியக்கூடாது. பழைய மாடல் 29-களில் கனமான தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டால் உருளைப் பூட்டு நழுவுவது உண்டு; 1980-களின் பிற்பகுதியில் நிறுவனம் பூட்டுப் பள்ளங்களை நீட்டி இதைச் சரிசெய்தது. 1973-க்கு முந்தைய ரூகர் சிங்கிள் ஆக்‌ஷன்களில், சுத்தியலுக்கும் தோட்டாவை அடிக்கும் ஊசிக்கும் நடுவே வரும் பாதுகாப்புத் தகடு கிடையாது. சுத்தியலில் அடிபட்டாலே வெடிக்கக்கூடும் என்பதால் அவற்றில் ஐந்து தோட்டா மட்டும் போட்டு, சுத்தியலைக் காலி அறையின் மேல் இறக்கி வைத்தே எடுத்துச் செல்ல வேண்டும். இல்லையேல், அந்த நிறுவனமே இலவசமாகச் செய்து தரும் மாற்றத்தைச் செய்துகொண்ட பிறகே ஆறாவது தோட்டாவைப் போடலாம்.