இன்வர்டேஸ்: தாவர செல்லில் சர்க்கரைக் கட்டுப்பாடு

சுக்ரோஸை நீர் சேர்த்துக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிளக்கும் நொதி இன்வர்டேஸ். தாவரங்களில் இது செல்சுவர், வாக்குவோல், சைட்டோசால் ஆகிய மூன்று இடங்களில் செயல்படுகிறது. இலையில் உருவான சுக்ரோஸ் புளோயம் வழியே வேரையும் விதையையும் கிழங்கையும் அடைகிறது. அங்கே அதன் போக்கைத் தீர்மானிப்பது நொதியின் அளவு மட்டுமல்ல. நொதி எந்த இடத்தில் இருக்கிறது, அதன் செயலை எது தடுக்கிறது என்பவற்றுக்கே பங்கு அதிகம். இலையில் சுக்ரோஸை உருவாக்கும் சுக்ரோஸ் பாஸ்பேட் சிந்தேஸிலும் இதைக் காணலாம். ஸ்பினாச் கீரையில் இந்நொதியின் 158-ஆம் செரினில் பாஸ்பேட் சேர்ந்தால் செயல்வேகம் தணிகிறது. வெளிச்சத்தில் பாஸ்பேட் நீங்கியதும் வேகம் கூடுகிறது. நொதி புதிதாக உற்பத்தியாக வேண்டியதில்லை.

உருளைக்கிழங்கு தரும் சான்று இன்னும் வலுவானது. முளைவிடாமல் இருக்க 4 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்த கிழங்கு சில வாரங்களில் இனிக்கத் தொடங்குகிறது. மாவுச்சத்து சிதைந்து சுக்ரோஸாகி வாக்குவோலுக்குள் போக, அங்குள்ள இன்வர்டேஸ் அதைப் பிளக்கிறது. இப்படிச் சேரும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் எண்ணெயில் பொரியும்போது அமினோ அமிலங்களோடு வினைபுரிவதால் சிப்ஸ் கருத்துக் கசக்கிறது. அவற்றுள் அஸ்பராஜினுடன் நடக்கும் வினையில் அக்ரிலமைடும் உண்டாகிறது. பொரித்த உணவில் அது இருப்பதை 2002-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அறிவித்த பின் இது உடல்நலப் பிரச்சினையாகவும் ஆனது. மாவுச்சத்தைச் சிதைக்கும் அமைலேஸ்தானே மூலகாரணம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், அமைலேஸ் இல்லாமல் மூலப்பொருள் வராது. ஆனால் வாக்குவோல் இன்வர்டேஸின் மரபணுவை அடக்கிய கிழங்குகளில், குளிரில் சுக்ரோஸ் சேர்ந்தும் குளுக்கோஸ் பெருகவில்லை. சிப்ஸும் வெளிறிய நிறத்திலேயே இருந்தது. அதற்கும் முன்பே, 1999-ல் வெளியான ஆய்வொன்றில், இன்வர்டேஸைத் தடுக்கும் புகையிலைப் புரதம் ஒன்றை உருளைக்கிழங்கில் உற்பத்தியாகச் செய்தார்கள். நொதியின் செயலை முடக்கியதே குளிர் இனிப்பை வெகுவாகக் குறைத்தது.

மற்றொரு மறுப்பு சுக்ரோஸ் சிந்தேஸைச் சுட்டுகிறது. 1955-ல் லெலோயர் குழுவினர் விவரித்த இந்நொதி, சுக்ரோஸைப் பிளக்கும்போது அதன் பிணைப்பாற்றலை யுடிபி-குளுக்கோஸில் காத்துவைக்கிறது. உருளைக்கிழங்கில் இதைக் குறைத்தபோது மாவுச்சத்தும் குறைந்தது. எனவே இதுவே முதன்மையானது என்ற கருத்துக்கு அடிப்படை உண்டு. ஆனால் 2009-ல் அராபிடாப்சிஸில் இதன் ஆறு மரபணுக்களில் நான்கைச் செயலிழக்கச் செய்தும் செடி இயல்பாக வளர்ந்தது. சைட்டோசால் இன்வர்டேஸ்கள் இரண்டை இழந்த செடியோ குன்றிப்போனது. ஆகவே ஒரே நொதியை எல்லாத் தாவரங்களுக்கும் உறுப்புகளுக்கும் தலைமையாகக் கொள்வது தவறு. கிழங்கின் குளிர் இனிப்பைப் பொறுத்தவரை வாக்குவோல் இன்வர்டேஸின் பங்கு ஐயமற்றது. அதன் மரபணு அடக்கப்பட்ட ரஸட் பர்பாங்க் வகை ஒன்றை 2015-ல் அமெரிக்க வேளாண் துறை தன் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது.