அலுங்காமல் குலுங்காமல்

"அலுங்காமல் குலுங்காமல் கொண்டுவந்து சேர்த்துட்டான்" என்று டிரைவரைப் பாராட்டுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். ஆனால் எது அலுங்கல், எது குலுங்கல் என்பது காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. கட்டை வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்தால் அதுவே சொகுசுதான். வில்வண்டி வந்த பிறகு கட்டை வண்டி முதுகை முறிப்பதாகத் தோன்றியது. அந்த வில்வண்டிக்கு அடியில் இருந்த பட்டை வில்லின் தம்பிதான் அம்பாசிடரின் பின்சக்கரத்திலும் இருந்தது.

அம்பாசிடர் 1950களின் கடைசியில் வந்த வண்டி. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை வைத்து, கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் செய்தார்கள். 1,100 கிலோவுக்கு மேல் எடை, பெரிய சக்கரம், சோபா போன்ற சீட். ஆள் இல்லாமல் போனால் பின்பக்கம் துள்ளும். ஏழெட்டுப் பேர் ஏறி, டிக்கியில் அரிசி மூட்டையும் வைத்துவிட்டால் அடங்கிப்போய் மெத்தென்று போகும். நம் குடும்பங்கள் எந்தக் காலத்தில் நாலு பேராகப் பயணம் போயின? அந்த வண்டிக்கும் நமக்கும் பொருத்தம் அமைந்தது அதனால்தான் என்பது என் எண்ணம்.

இன்னொரு விஷயமும் உண்டு. அந்த நாளில் காரைப் பற்றித் தீர்ப்புச் சொன்னவர்களில் பாதிப் பேர் அதை ஓட்டியதே இல்லை. அதிகாரிகள், மில் முதலாளிகள், பெரிய டாக்டர்கள் எல்லாரும் பின் சீட்காரர்கள். அவர்கள் ஓட்டு அம்பாசிடருக்கு. தானே ஓட்டுகிறவர்கள் ஃபியட்டை விரும்பினார்கள். அது கொஞ்சம் விறைப்பு, ஆனால் வளைவில் சொன்ன பேச்சைக் கேட்கும். ஊர் அபிமானமும் சேர்ந்துகொண்டது. ஃபியட் பம்பாய் குர்லாவில் தயாரானது, பம்பாய் டாக்சி எல்லாம் ஃபியட். கல்கத்தா டாக்சி எல்லாம் அம்பாசிடர். இரண்டு ஊர்க்காரர்களும் தங்கள் டாக்சிதான் சுகம் என்று சத்தியம் செய்வார்கள். நம் வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு நாலு சக்கரமும் தனித்தனியாக அசையும். சென்னைக்காரர்கள் சிலர் இன்னும் அதைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள்.

1983 டிசம்பர் 14 அன்று டில்லியில் இந்திரா காந்தி முதல் மாருதியின் சாவியைக் கொடுத்தார். பெரியவர்கள் அதைத் தீப்பெட்டி என்றார்கள். அம்பாசிடரின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி 8 அடிக்கு மேல். மாருதிக்கு 7 அடிதான். எடையும் கிட்டத்தட்டப் பாதி. சின்னச் சக்கரம் குழியில் இறங்கினால் முதுகெலும்புக்குத் தெரியும். ஆனால் இளைஞர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். என்ஜின் சத்தமில்லை, பெட்ரோல் வாடையில்லை, கதவு ஒரு தட்டில் சாத்திக்கொள்கிறது. அவர்களுக்குச் சொகுசு என்பது காதும் மூக்கும் சம்பந்தப்பட்டதாகிவிட்டது.

1987இல் வளைகாப்பு முடிந்து என் மனைவியைக் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு அழைத்துப் போனோம். ஆபீஸ் நண்பர் தன் புது மாருதியைத் தருவதாகச் சொன்னார். மாமியார் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். முதல் பிரசவம், ஏழு மாதம், அந்த டப்பாவில் ஏற்ற முடியாது என்று வாடகை அம்பாசிடர் வரவழைத்தார். 40 கிலோமீட்டரில் மனைவி மூன்று முறை வாந்தி எடுத்தாள். இறங்கியதும் மாமியார், "பார்த்தீங்களா மாப்பிள்ளை, ஒரு தூக்கு தூக்கிப் போடலை" என்றார். மனைவி பதில் சொல்லும் நிலையில் இல்லை. இருவரும் ஒரே சீட்டில், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர்கள்! தாய்க்கு வேண்டியிருந்தது வயிற்றில் அடிபடாமல் இருப்பது. மகளுக்கு வேண்டியிருந்தது அந்த ஆட்டமும் வாடையும் நிற்பது.

பின்னாளில் படித்ததில் இதற்குக் கொஞ்சம் விளக்கம் கிடைத்தது. வினாடிக்கு ஒரு தடவை, ஒன்றரைத் தடவை மேலும் கீழும் போவது நடக்கிற லயம். உடம்பு அதைப் பொறுத்துக்கொள்ளும். வினாடிக்கு நாலிலிருந்து எட்டுத் தடவை குலுங்கினால் வயிறும் முதுகும் தாங்காது. ஆனால் மெதுவான ஆட்டம் ஒருவருக்குத் தாலாட்டு, இன்னொருவருக்குக் குமட்டல். ரோல்ஸ்ராய்ஸிலிருந்து 1930இல் அமெரிக்காவின் கேடிலாக்குக்குப் போன மாரிஸ் ஆலி என்ற எஞ்சினியர், ஒரு காரின் முன்னும் பின்னும் எடைகளை மாற்றி மாற்றி வைத்து, ஸ்பிரிங்கையும் மாற்றி ஓட்டிப் பார்த்தார். முன் ஸ்பிரிங் பின்னதைவிட மெத்தென்று இருந்தால் வண்டி முன்னும் பின்னுமாகத் தலையாட்டாது என்று கண்டுகொண்டார். இன்றைக்கும் கார் செய்பவர்கள் அதை மறக்கவில்லை.

அம்பாசிடரின் உற்பத்தி 2014இல் நின்றது. மாமியார் இப்போது பேரனின் புதுக் காரில் போகிறார். குலுக்கலைப் பற்றி அவருக்கு ஒரு புகாரும் இல்லை. சீட் பள்ளத்தில் இருப்பதுதான் குறை. இறங்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருக்கிறது. அம்பாசிடரில் நாற்காலியிலிருந்து எழுந்திருப்பது போல இறங்கிவிடுவாராம்.