அமைச்சரவையில் ஓர் இருக்கை



விடுதலைக்கு முந்திய அமைச்சரவையைப் பற்றி வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தபோது, "அதில் நம்மவர் ஒருவர்தானா, ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டாள். மணி அடித்துவிட்டதால் சொல்லாமல் விட்ட விடையை இங்கே எழுதுகிறேன்.

1955 ஜூலை 27ஆம் நாள் மலாயாவின் முதல் பொதுத்தேர்தல் நடைபெற்றது. வாக்காளர்களில் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர்; 11 பேர் சீனர்; எஞ்சியோரே இந்தியரும் பிறரும். 52 இடங்களில் 51 இடங்களைக் கூட்டணி வென்றது. ம.இ.கா.வின் வேட்பாளர் இருவரும் வெற்றி பெற்றனர். பிற இனத்தவரின் வாக்குகள் இல்லாமல் அவ்வெற்றி கிட்டியிராது.

துங்கு அப்துல் ரஹ்மான் அமைத்த அமைச்சரவையில், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பதின்மர்: மலாய்க்காரர் அறுவர், சீனர் மூவர், இந்தியர் ஒருவர். அந்த ஒருவர் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ.தி. சம்பந்தன். அப்போது அவருக்கு வயது 36. பொறுப்பு, தொழிலாளர் அமைச்சு.

இப்பங்கீடு எந்தச் சட்டத்திலும் எழுதப்பட்டதன்று. 1957ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் 43ஆம் விதி, பிரதமரின் ஆலோசனைப்படி மாமன்னர் அமைச்சர்களை நியமிப்பார் என்று மட்டுமே கூறுகிறது. இனவாரியான எண்ணிக்கை அதில் இல்லை. நம் இருக்கை மரபால் வந்தது.

எழுதி வைத்த நாடும் உண்டு. 1994இல் தென்னாப்பிரிக்காவின் இடைக்கால அரசியலமைப்பு, நாடாளுமன்றத்தில் 20 இடங்களுக்குக் குறையாத கட்சிகளுக்கு அமைச்சரவையில் பங்கு பெறும் உரிமையை வழங்கியது. எனவே நெல்சன் மண்டேலாவின் அமைச்சரவையில், முன்பு அவரைச் சிறையில் வைத்திருந்த ஆட்சியின் கட்சியும் அமர்ந்தது. அக்கட்சி 1996இல் தானாகவே விலகிற்று. எழுதிய உரிமை இருக்கையைத் தரும். அதில் அமர்ந்திருக்கும் மனத்தைத் தராது.

மரபோ ஏறும், இறங்கும். 1964இல் சம்பந்தனுடன் வெ. மாணிக்கவாசகமும் முழு அமைச்சரானார். 2018இல் இந்திய வம்சாவளி அமைச்சர்கள் நால்வர். 2023 டிசம்பர் மாற்றத்திற்குப் பின் தமிழர் எவரும் முழு அமைச்சராக இல்லாத நிலையும் வந்தது. அது பலரை வருத்தியது, அவ்வருத்தம் நியாயமானதே.

எனினும், எண்ணிக்கையோடு பாடத்தை முடித்துவிடலாகாது. தோட்ட நிறுவனங்கள் நிலங்களைத் துண்டாடி விற்றபோது, தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தனர். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய சம்பந்தன், தோட்டம் தோட்டமாகச் சென்று அவர்களின் சிறுசேமிப்பைத் திரட்டினார். அச்சங்கம் முதலில் வாங்கியது நம் பினாங்கிற்கு அருகே, கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம். அமைச்சர் என்ற மதிப்பு அம்முயற்சிக்குத் துணை நின்றது. ஆனால் தோட்டத்தை வாங்கியது தொழிலாளியின் பணம்.

2008இல் பினாங்கு மாநிலத்தின் இரண்டாம் துணை முதல்வராகப் பேராசிரியர் பி. இராமசாமி பொறுப்பேற்றதை நாம் கண்டோம். அதுவும் பல இனத்தவரின் வாக்குகளால் வந்ததே.

ஆகவே அம்மாணவிக்கு என் விடை இது: "ஒருவர்தான், அம்மா. அந்த ஒருவரை அனுப்பியவர்கள் யார், அவர் அங்கிருந்து என்ன செய்தார் என்ற இரண்டையும் சேர்த்துப் படி." பெற்றோர்களும் இவ்வினாக்களை வீட்டில் பிள்ளைகளோடு பேசிப் பார்க்க வேண்டுகிறேன்.