சிப்பாயின் கடிதம்: எத்தனை கைகள்

போன மாதம் எங்கள் கூட்டத்தில் ஒரு நண்பர் கடிதமொன்றைத் தமிழில் வாசித்தார். முதல் உலக யுத்தத்தின்போது பிரான்ஸில் காயம்பட்டுக் கிடந்த இந்தியச் சிப்பாய் ஒருவன் ஊருக்கு எழுதியது. எட்டு வரிகூடத் தேறாது. க்ஷேம விசாரிப்பு இல்லை, முகமன் இல்லை. எடுத்த எடுப்பில் சாவு, முடிவிலும் சாவு. வாசித்துவிட்டு நண்பர் சொன்னார்: “இது அனுபவம். நாம் எழுதுவதெல்லாம் அனுபவத்தைப் பற்றிய அபிப்பிராயம்.” யாரும் மறுக்கவில்லை, நானும்தான். பஸ்ஸில் திரும்பும்போது வேறொன்று உறுத்தியது. பஞ்சாபின் ஏதோ ஒரு கிராமத்து உழவன் நம் பத்திரிகைக் கவிஞனைப் போலவே இவ்வளவு சிக்கனமாக எழுதியது எப்படி? நாம் அரை நூற்றாண்டு மெனக்கெட்டுக் கற்றுக்கொண்ட மௌனம் அவனுக்கு எங்கிருந்து வாய்த்தது?

கடிதத்தின் பிறப்பைத் தேடிப் போனேன். நண்பர் கையில் இருந்தது டேவிட் ஓமிஸ்ஸி தொகுத்து 1999இல் வெளிவந்த ஆங்கிலப் புத்தகம். 600க்கும் மேற்பட்ட கடிதங்கள் அதில் உண்டு. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களிலிருந்து எடுத்தவை. ஆனால் அந்த ஆவணங்களில் இருப்பவை அடிப்படையில் கடிதங்கள் அல்ல, அறிக்கைகள். இந்தியத் தபால்களைத் தணிக்கை செய்தவர்கள் மேலிடத்துக்கு அனுப்பிய ஆங்கில அறிக்கைகள். கடிதங்களிலிருந்து வெட்டியெடுத்து மொழிபெயர்த்த பகுதிகள் அவற்றோடு சேர்க்கப்பட்டிருக்கின்றன. சிப்பாயின் கையெழுத்தைத் தேடிப் போனவனுக்குக் கிடைத்தது ஆபீஸ் ஃபைல்.

அந்த யுத்தத்திலிருந்து தமிழ் எடுத்துக்கொண்டது முக்கியமாக ஒரு சொல்: எம்டன். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு அந்தக் கப்பல் சென்னைமீது குண்டு வீசியது. அதே மாதக் கடைசியில் இந்தியத் துருப்புகள் மார்செய் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கின. யுத்தம் முடிவதற்குள் சுமார் 1,38,000 இந்தியப் படையினர் பிரான்ஸுக்குப் போனார்கள். காலாட்படை 1915 கடைசியில் மெசபடோமியாவுக்கு மாற்றப்பட்டது. குதிரைப்படை 1918 வரை அங்கேயே இருந்தது. வந்திறங்கிய சில வாரங்களுக்குள்ளேயே தணிக்கை ஆபீஸ் வந்துவிட்டது. கதர் கட்சியின் பிரசுரங்கள் சிப்பாய்களின் கைக்குப் போய்விடுமோ என்ற பயம்தான் ஆரம்பக் காரணம். பிறகு நோக்கம் விரிந்தது: இவர்கள் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பொறுப்பாளராக அமர்த்தப்பட்டவர் ஈ. பி. ஹவெல் என்ற சிவில் சர்வீஸ் அதிகாரி. இந்திய மொழிகள் தெரிந்தவர்.

இனி அந்த எட்டு வரிகள் எத்தனை கை மாறின என்று எண்ணிப் பார்க்கலாம். சிப்பாய்களில் பெரும்பாலோருக்கு எழுதத் தெரியாது. ஒருவன் சொல்ல, படிப்பு வாசனையுள்ள இன்னொருவன் எழுதுவான். அது முதல் கை. ரெஜிமென்டின் வெள்ளைக்கார அதிகாரி பார்வையிடுவார், இரண்டாவது. ஹவெலின் ஆபீஸில் பொறுக்கிப் பிரித்துப் படிப்பார்கள், மூன்றாவது. தேவைப்பட்ட பகுதி இங்கிலீஷுக்குப் போகும்; நான்காவது. இவ்வளவுக்கும் பிறகு தடையில்லாமல் ஊர் போய்ச் சேர்ந்தாலும் அங்கே படிக்கத் தெரிந்த ஒருவர் பத்துப் பேர் நடுவில் உரக்க வாசிக்க வேண்டும். அநேகமாகப் பேசியது பஞ்சாபி, எழுதியது உருது, ஃபைலில் ஏறியது இங்கிலீஷ், எங்கள் மொட்டை மாடியில் ஒலித்தது தமிழ். இதில் எந்த இடத்தில் அனுபவம் இருக்கிறது?

தன் கடிதத்தை யாரோ படிக்கிறார்கள் என்பது சிப்பாய்க்கும் தெரியும். இந்தியத் துருப்புகள் கருமிளகு, வெள்ளைக்காரத் துருப்புகள் செம்மிளகு; எது தீர்ந்துபோகிறது, எதைச் சேமித்து வைக்கிறார்கள் என்று மளிகைக் கணக்குப்போல எழுதியிருக்கிறார்கள். தணிக்கையாளருக்கு அது சுலபமாகவே புரிந்துவிட்டது. ஆக, ஊரில் உள்ளவனுக்கும் ஆபீஸில் உள்ளவனுக்கும் ஒரே வாக்கியத்தில் எழுதப் பழகிய எழுத்து இது. இதைக் கள்ளமற்ற வெளிப்பாடு என்று கொண்டாடுவது, எழுதியவனின் புத்திசாலித்தனத்தை அவமதிப்பது.

என் கேள்விக்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. அந்தச் சிக்கனம் சிப்பாயுடையது மட்டுமல்ல, கத்தரியுடையதும்கூட. மேலிடத்துக்கு வேண்டியது துருப்புகளின் மனநிலை. யார் யாருக்கு நமஸ்காரம், எருமை கன்று போட்டதா, மணியார்டர் வந்ததா என்பவை பெரும்பாலும் வேண்டாத சமாசாரங்கள். நம் வீட்டுப் பழைய கார்டுகளை எடுத்துப் பாருங்கள். ‘இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்திற்கு எழுதவும்’ என்று தொடங்கிப் பெரியம்மாவிலிருந்து கைக்குழந்தைவரை விசாரித்த பிறகுதான் விஷயம் வரும். இதையெல்லாம் எடுத்துவிட்டால் மிச்சம் நிற்பது ஒரு துண்டு. துண்டுகளை ரசிக்க நாம் பயின்றிருக்கிறோம். ஆகவே ஒரு அரசாங்க ஆபீஸின் தேவையும் நம் நவீன ரசனையும் ஒரே இடத்தில் வந்து சந்தித்துக் கைகுலுக்கிக்கொள்கின்றன. இது எனக்கு உவப்பான முடிவு அல்ல.

அதற்காக ஹவெலை வில்லனாக்குவது சரியல்ல. 1915 ஜனவரியில் அவர் ஒன்றைக் கவனிக்கிறார்: காயம்பட்ட சிப்பாய்களின் கடிதங்களில் திடீர் திடீரென்று கவிதை வருகிறது. இது மனம் நிம்மதி இழந்ததன் அடையாளம், நல்ல அறிகுறி அல்ல என்று மேலிடத்துக்கு எச்சரிக்கிறார். படித்தபோது சிரிப்பு வந்தது. கவிதையை அபாய அறிகுறியாகக் கண்டு கவலைப்படும் அரசாங்கம்! பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. செய்தி சொல்லப் போதுமான பாஷை தீர்ந்துபோன இடத்தில் ஒருவன் தன் ஊர்ப் பாட்டை எடுத்துக்கொள்கிறான் என்பதை அவர் சரியாகத்தான் படித்திருக்கிறார். இதே ஹவெல் பிற்காலத்தில் ஓலஃப் கேரோவுடன் சேர்ந்து குஷ்ஹால் கான் கட்டக் என்ற பஷ்தூன் போர்க் கவிஞனை மொழிபெயர்த்தார். 1963இல் அது பெஷாவரில் வெளியாயிற்று. அவர் நம்மைவிட நல்ல வாசகராக இருந்திருக்கலாம். ஆனால் படித்தது அரசாங்கத்துக்காக.

இலக்கியவாதி எப்படிப் படித்தான்? சிப்பாய்க் கடிதங்கள் சில இந்தியா ஆபீஸ் வழியாக ருட்யார்ட் கிப்ளிங்கின் கைக்குப் போயின. லூஸ் சண்டையில் 1915இல் மகனைப் பறிகொடுத்தவர் அவர். அக்கடிதங்களை வைத்து அவர் எழுதிய நான்கு கற்பனைகள் ‘ஆசியாவின் கண்கள்’ என்று 1918இல் புத்தகமாயின. ஒன்றில் பிரைட்டன் ஆஸ்பத்திரியில் காயம்பட்ட சீக்கியன் சொல்லச் சொல்லக் கடிதம் உருவாகிறது. இன்னொன்றில் எல்லைப்புற வீடொன்றில் மகனின் கடிதத்தை வாசிக்கிறார்கள். கடிதம் என்பது சொல்பவன், எழுதுபவன், வாசிப்பவன், கேட்பவன் என்று ஒரு கூட்டத்தின் காரியம் என்பதைக் கிப்ளிங் பிடித்துவிட்டார். ஆனால் அவருடைய சிப்பாய்கள் பேரரசின் பெருமையைச் சொல்லும்படி ஆகிவிட்டது. கத்தரி இங்கே பேனாவாகிவிட்டது, அவ்வளவே வித்தியாசம்.

எழுத்து வேண்டாம், குரலே கிடைத்தால்? அதுவும் கிடைத்திருக்கிறது. பெர்லினுக்கு அருகே வ்யூன்ஸ்டார்ஃபில் இருந்த கைதிகள் முகாமில் ஜெர்மன் மொழியறிஞர்கள் இந்தியக் கைதிகளின் பேச்சை இசைத்தட்டில் பதிந்தார்கள். 1916 டிசம்பர் 11ஆம் தேதி மால் சிங் என்பவர் குழாய்முன் நின்று பஞ்சாபியில் பேசினார். ஒன்றரை நிமிஷம்கூட இல்லை. 2007இல் பிலிப் ஷெஃப்னரின் ஆவணப்படம் அந்தத் தட்டுகளைப் பலருக்கு அறிமுகப்படுத்தியது. எழுத்தரும் இல்லை, தணிக்கையாளரும் இல்லை என்று ஆசையோடு போனால், அவர் ‘நான்’ என்று தொடங்கவில்லை. ஒரு மனிதன் இருந்தான், இந்துஸ்தானத்தில் வெண்ணெய் தின்றவன், யுத்தத்துக்கு வந்து பிடிபட்டான், ஊருக்குப் போக ஆசைப்படுகிறான் என்று படர்க்கையில் கதையாகச் சொல்கிறார். இன்னும் இரண்டு வருஷம் இங்கேயே இருந்தால் செத்துப்போவான் என்கிறார். யாரும் வெட்டவில்லை. அவரே தன்னை ஒரு கதைக்குள் வைத்துச் சொன்னால்தான் அதைச் சொல்ல முடிந்தது.

ஆகவே எல்லாம் பொய் என்பதல்ல என் வாதம். அடியில் தோண்டினால் நிர்வாணமான ஒரு ‘நான்’ கிடைக்கும் என்ற நம் எதிர்பார்ப்புதான் தவறு. முகமனும், பாட்டும், மிளகும், படர்க்கையும் அனுபவத்தை மூடும் உறைகள் அல்ல. அவற்றின் வழியாகத்தான் அந்த மனிதர்கள் இருந்தார்கள். உறையைக் கிழித்துவிட்டுக் கடிதம் எங்கே என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை குறைவு. வங்கிக் கௌண்டரில் மனு எழுதிக்கொடுப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு அம்மாள் வந்தார். கணவர் ஓய்வுபெற்ற சிப்பாய். இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவர் பனியில் காவல் நின்றது, கொண்டுவந்த இரும்புப் பெட்டி, கடைசி நாள் விடியலில் கஞ்சி கேட்டது, இவர் அடுப்பிலிருந்து இறக்கிக் கொண்டுவருவதற்குள் போய்விட்டது என்று பத்து நிமிஷம் சொன்னார். நான் நாலு வரி எழுதினேன். என் கணவர் இன்ன தேதியில் காலமானார். கணக்கிலுள்ள தொகையை வாரிசான எனக்கு வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். வாசித்துக் காட்டினேன்.

“கஞ்சி கேட்டத எழுதலியா தம்பி?” என்றார்.

“அது வேண்டியதில்லைம்மா” என்றேன்.

பெருவிரலை நீட்டினார். நூறு வருஷம் கழித்து அந்த மனு யார் கையிலாவது அகப்பட்டால் அதன் சிக்கனத்தை வியக்கக்கூடும். ரேகைக்குக் கீழே, இதிலுள்ளதைப் படித்துக் காட்டி விளக்கினேன் என்று என் கையெழுத்து இருக்கிறது.