பேட்டரி மேல் பழி போடாதீர்கள்

எங்கள் பெரியப்பா வீட்டில் ஒரு அம்பாசிடர் இருக்கிறது. தாத்தா வாங்கிய 1970களின் வண்டி. போன வருஷம் வரை காலையில் அதைக் கிளப்ப வேண்டும் என்றால் தெருவில் நாலு பேர் சேர்ந்து தள்ள வேண்டும். சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒன்றரை வருஷத்தில் இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது. மூன்றாவதும் படுத்ததும் பெரியம்மா, "பேசாம காயலான் கடைக்குப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார். ஆள் வந்து விலையும் பேசிவிட்டுப் போனார்.

பெரியப்பா ஒரு வாரம் அவகாசம் கேட்டார். அந்த ஒரு வாரத்தில் நான் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை. காமர்ஸ் படிக்கிறவனுக்கு கார் கரண்ட் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். கடைசியில் பார்த்தால் இதுவும் வரவு செலவுக் கணக்குதான் :-)

ஈயத் தகடும் அமிலமும் கொண்ட பேட்டரியை 1859லேயே பிரான்ஸில் காஸ்டன் பிளாண்டே செய்துவிட்டார். ஆனால் ஆரம்பகால பெட்ரோல் கார்களைக் கிளப்ப முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். எஞ்சின் திருப்பி அடித்தால் மணிக்கட்டு உடையும்.

இதற்கு முடிவு கட்டியவர் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங். அவர் அதற்கு முன் வேலை பார்த்தது கல்லாப்பெட்டி செய்யும் கம்பெனியில்! பட்டனை அழுத்தினால் பெட்டி திறக்க அங்கே ஒரு சின்ன மின் மோட்டார் அமைத்தார். சில விநாடிகள் மட்டுமே ஓடும் மோட்டார் என்றால், அதன் அளவுக்கு மீறிய சுமையைக் கொடுத்தாலும் தாங்கும். இதே யுக்திதான் 1912ம் வருஷ மாடல் காடிலாக் காரில் 'செல்ஃப்' ஆக வந்தது.

சரி, செல்ஃப் பேட்டரியிலிருந்து எடுத்த கரண்டைத் திருப்பிப் போடுவது யார்? டைனமோ. இங்கேதான் நம் கதையின் வில்லன் வருகிறார்.

டைனமோவில் கரண்ட் உற்பத்தியாவது சுற்றுகிற பாகத்தில். அது முழுவதும் கார்பன் பிரஷ் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அதனால் அதை ரொம்ப வேகமாகச் சுற்றவிட முடியாது. விளைவு, எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது அனேகமாக ஒன்றும் கிடைக்காது. அப்போது பேட்டரியின் கரண்ட் டைனமோவுக்குள் திரும்பிப் பாயாமல் தடுக்கத்தான் 'கட்-அவுட்' என்ற சின்னப் பெட்டி. சிக்னலில் நிற்கும்போது சிவப்பு லைட் மினுக்கினால் பழைய வண்டியில் அது பெரும்பாலும் கோளாறே இல்லை.

ஆல்டர்னேட்டரில் இது தலைகீழ். உற்பத்தி நிற்கிற பாகத்தில், அதனால் வேகமாகச் சுற்றலாம், ஐடிலிலும் சார்ஜ் ஏறும். ஏசி கரண்டை டிசி ஆக்கும் சிலிக்கான் டயோடு மலிவானதும் 1960ல் கிரைஸ்லர் தன் வேலியன்ட் காரில் இதைப் பொருத்தியது. பிரிட்டனின் எம்ஜிபி கார் 1962ல் டைனமோவுடன் வந்து, 1967 இறுதியில்தான் ஆல்டர்னேட்டருக்கு மாறியது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசாக 1957ல் பிறந்த அம்பாசிடருக்கும் பிரிட்டிஷ் பாணி டைனமோதான். எங்கள் வண்டியில் இன்றும் அதுதான்.

இப்போது கணக்கு. அந்தக்கால லூகாஸ் சி40 டைனமோ நல்ல வேகத்தில் கொடுப்பது 22 ஆம்பியர். 45 வாட் ஹெட்லைட் இரண்டு என்றால் 90 வாட், அதாவது 7.5 ஆம்பியர். இக்னிஷன் காயில், பின் விளக்கு எல்லாம் சேர்த்தாலும் மிச்சம் உண்டு. ஆனால் பெரியப்பா வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் ஹாலஜன் மாட்டியிருந்தார். இரண்டும் சேர்ந்து 16 ஆம்பியருக்கு மேல். கூடவே பாட்டுப் பெட்டி. ராத்திரியில் ஊருக்குள் மெதுவாக ஓட்டினால் வரவு எட்டணா, செலவு பத்தணா. முதலிலிருந்து எடுத்துச் சாப்பிட்டால் எந்தக் கடை நிற்கும்? நாங்கள் முதலை மாற்றிக்கொண்டே இருந்தோம்.

கடன் வாங்கிய மல்டிமீட்டருடன் இறங்கினேன். வண்டி ஓய்வில் இருக்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். எஞ்சினை முடுக்கினால் 14ஐ ஒட்டி ஏற வேண்டும். எங்களுடையது லைட் போட்டால் 12ஐத் தாண்டவே இல்லை. பெல்ட்டும் தளர்ந்திருந்தது. அடுத்து, செல்ஃப் அடிக்கும்போது எஞ்சினுக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் நடுவே அளந்தேன். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது ஒன்றைத் தாண்டியது. எர்த் பட்டை துருப்பிடித்திருந்தது. 'டிக்' சத்தத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

பட்டையைத் தேய்த்து முறுக்கினோம், பெல்ட்டை இறுக்கினோம், பழைய 45 வாட் பல்புக்கே திரும்பினோம். 'செத்துப்போன' மூன்றாவது பேட்டரியை ஒரு ராத்திரி சார்ஜரில் போட்டோம். இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

ஒரு எச்சரிக்கை. 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். வேறு வண்டியிலிருந்து ஒயர் கொடுக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரும்புக்காரர் மறுபடி வந்தபோது வண்டி வாசலில் இல்லை. பெரியம்மாதான் அதில் கோயிலுக்குப் போயிருந்தார்.